மெவ்லவி ஸமா: சுழன்றபடி செய்யும் திக்ரு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துருக்கி என்றதும் வெள்ளை உடையில் சுழலும் தர்வேஷ்களின், அதாவது சூஃபி அன்பர்களின், படம் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தப் படத்துக்குப் பின்னால் 700 ஆண்டுகளுக்கும் மேலான வழிபாட்டு மரபு ஒன்று இருக்கிறது. கவிஞரும் ஞானியுமான ரூமியின் வழிவந்த ‘மெவ்லவி’ சூஃபிகளின் ‘ஸமா’ அது. அதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால் பயிற்சி பற்றிய பகுதியை மட்டுமாவது பொறுமையாகப் படியுங்கள். மற்றவை அதிலிருந்துதான் புரியும்.

இது நடனமா?

பார்ப்பவர் கண்ணுக்கு நடனம். சுழல்பவருக்கு அது திக்ரு, அதாவது இறைவனின் பெயரை இடைவிடாமல் நினைவுகூர்தல். ஒவ்வொரு சுற்றுக்கும் அவர் மனத்துக்குள் ‘அல்லாஹ்’ என்று சொல்கிறார். வாய் அசையாது. அதனால் பார்வையாளருக்கு அது தெரியவே தெரியாது. ஸமாவின் பாதி விஷயம் கண்ணுக்கு எட்டாத இடத்தில்தான் நடக்கிறது. ஐவேளைத் தொழுகைக்கு இது மாற்றும் இல்லை. தொழுகை எல்லா முஸ்லிம்களுக்கும் கடமை. ஸமா ஒரு தரீக்காவின், அதாவது ஒரு சூஃபிப் பிரிவின், வழிமுறை.

சுழல்பவரை ‘ஸெமாஸென்’ என்பார்கள். ஆடுபவர் என்று அவரை அழைப்பதை அந்த மரபினர் விரும்புவதில்லை.

யார் தொடங்கியது? ரூமியா?

மௌலானா ஜலாலுத்தீன் ரூமி 1207இல் பல்கு (இன்றைய ஆப்கானிஸ்தான்) வட்டாரத்தைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தார். தந்தை பஹாவுத்தீன் வலத் பெயர்பெற்ற அறிஞர். குடும்பம் மேற்கு நோக்கி நகர்ந்து, பல ஊர்களைக் கடந்து, செல்ஜூக் சுல்தானின் தலைநகரான, இன்றைய துருக்கியின் கோன்யாவில் குடியேறியது. தந்தை இறந்த பிறகு அவருடைய இடத்தில் ரூமி பாடம் நடத்தினார். மாணவர்கள் சூழ்ந்த, மதிப்புமிக்க ஆசிரியர். 1244இல் ஷம்ஸ் தப்ரீஸி என்ற நாடோடி ஞானி கோன்யா வந்ததும் அந்த வாழ்க்கை தலைகீழானது. ஸமாவில் ஈடுபடும்படி ரூமியைத் தூண்டியவர் ஷம்ஸ்தான் என்று தொடக்ககால நூல்கள் சொல்கின்றன. சில ஆண்டுகளிலேயே ஷம்ஸ் காணாமல் போனார். அந்தப் பிரிவில் பிறந்த கவிதைகள்தான் ஷம்ஸின் பெயரைத் தாங்கிய திவான் (கவிதைத் தொகுப்பு).

பொற்கொல்லர் ஸலாஹுத்தீனின் பட்டறையிலிருந்து வந்த சுத்தியல் ஓசையைக் கேட்டு, கடைத்தெருவிலேயே ரூமி சுழலத் தொடங்கினார் என்றொரு கதை உண்டு. அதைப் பதிவு செய்த அஃப்லாகி, ரூமி மறைந்து பல பத்தாண்டுகள் கழித்து எழுதியவர். எனவே அதை வரலாற்றுக் குறிப்பாக எடுத்துக்கொள்ள நான் தயங்குகிறேன். ரூமி ஸமா செய்தார் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. ஆனால் இன்று நாம் காணும் ஒழுங்கு அவர் காலத்தில் இல்லை. அவருக்கு அது எந்த நேரத்திலும் பொங்கி வந்த ஒன்று. அதற்கு அமைப்பு கொடுக்கத் தொடங்கியவர் மகன் சுல்தான் வலத். தரீக்காவையும் அவரே நிறுவன வடிவத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு வந்த தலைமுறைகள் வரிசைமுறை, உடை, இசை ஒவ்வொன்றையும் செதுக்கின.

ரூமிக்கு முன் ஸமா இருந்ததா?

இருந்தது. பாரசீகத்தின் கிழக்கிலிருந்த குராசானில் 11ஆம் நூற்றாண்டிலேயே அபூ ஸயீத் அபுல் கைர் போன்ற சூஃபிகளின் சபைகளில் கவிதையும் இசையும் அசைவும் இருந்தன. இமாம் கஸ்ஸாலி தம்முடைய ‘இஹ்யா’ என்ற நூலில் ஸமாவுக்கென்றே ஒரு தனிப் பகுதி எழுதியிருக்கிறார். இந்தியாவில் சிஷ்தியா தரீக்காவினரின் ஸமா கவ்வாலிப் பாடலாக வளர்ந்தது. மெவ்லவிகள் சுழற்சியை அதன் மையத்தில் வைத்தார்கள். அதுதான் அவர்களுடைய தனித்தன்மை.

ஒரு ஸமா எப்படி நடக்கும்?

ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீளும். முதலில் நபிகளாரைப் போற்றும் நஅத். ரூமியுடையதாகச் சொல்லப்படும் வரிகளுக்கு 17ஆம் நூற்றாண்டு இசைமேதை இத்ரி அமைத்த மெட்டு அது. பக்கவாத்தியம் இல்லாமல், ஒரே ஒரு குரல், மிக மெதுவாகப் பாடும். அது முடிந்ததும் ‘குதூம்’ என்னும் சிறு இரட்டை முரசு ஒலிக்கும். ‘ஆகுக’ என்று இறைவன் இட்ட படைப்பின் கட்டளையை அது குறிக்கிறது. அப்புறம் நாணல் குழல் தனியாக ஒலிக்கும்.

குழல் ஓய்ந்ததும் ஷைகும் (சபையின் குரு) தர்வேஷ்களும் உள்ளங்கையால் தரையை ஓங்கித் தட்டி எழுந்து, கூடத்தை மூன்று முறை மெதுவாக வலம் வருவார்கள். சுல்தான் வலத்தின் பெயரில் வழங்கும் வலம் இது. ஷைகு அமரும் சிவப்பு ஆட்டுத்தோல் விரிப்பை நெருங்கும்போது முன்னால் போகிறவர் திரும்பி, பின்னால் வருகிறவரை நேருக்கு நேர் பார்த்துத் தலைவணங்குவார். எதிரில் நிற்கும் மனிதருக்குள் இறைவன் ஊதிய உயிர் இருக்கிறதே, அதற்கு அந்த வணக்கம். சுழற்சி எப்போது வரும் என்று காத்திருக்கும் பயணிகள் பெரும்பாலும் இந்தப் பகுதியைக் கவனிப்பதில்லை. எனக்கு ஸமாவில் மிகப் பிடித்த இடமே இதுதான்.

விரிப்பிலிருந்து எதிர்ப்புற வாசல்வரை கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு ஓடுவதாகக் கருதப்படுகிறது. ஷைகைத் தவிர வேறு யாரும் அதன்மேல் கால் வைப்பதில்லை.

இதற்குப் பிறகு கறுப்பு மேலங்கியைக் கழற்றி வைப்பார்கள். கைகளை மார்பின் குறுக்காகத் தோள்களில் பொருத்தி, ஒவ்வொருவராக ஷைகிடம் வந்து கையை முத்தமிட்டு அனுமதி பெறுவார்கள். ஷைகு அவர்களுடைய தொப்பியை முத்தமிடுவார். அங்கிருந்து மெல்லச் சுழலத் தொடங்கி, கைகள் கொஞ்சம் கொஞ்சமாக விரியும். சுழல்பவர்களுக்கு நடுவே ‘ஸெமாஸென்பாஷி’ என்னும் மூத்தவர் நடந்தபடி, யாரும் யார்மீதும் மோதாமல் கவனித்துக்கொள்வார்.

இப்படி நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ‘ஸலாம்’ என்று பெயர். முதல் ஸலாம் படைத்தவனை அறிதல். இரண்டாவது, அவனுடைய மாட்சியின் முன் திகைத்து நிற்பது. மூன்றாவதில் இசை வேகமெடுக்கும். அன்பில் தன்னை இழப்பது அதன் பொருள். இசையையும் வேகத்தையும் மட்டும் பார்த்தால் அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் நான்காவது ஸலாம் இருக்கிறது. வேகம் தணிந்து, தன்னை இழந்தவர் மறுபடி அடிமையாக, ஊழியராகத் திரும்பி வரும் பகுதி அது. ஷைகும் அப்போதுதான் சுழலில் சேர்கிறார். மெவ்லவிகளின் கணக்கில் பரவசத்தைவிடப் பெரிய நிலை இது.

முடிவில் குர்ஆன் ஓதப்படும். ‘கிழக்கும் மேற்கும் அல்லாஹ்வுக்கே உரியவை, நீங்கள் எப்பக்கம் திரும்பினாலும் அங்கே அல்லாஹ்வின் முகம் இருக்கிறது’ என்ற பொருளுடைய வசனம் (2:115) பெரும்பாலும் இடம்பெறும். அப்புறம் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா, துஆ என்னும் வேண்டுதல். கடைசியாக ‘ஹூ’ என்ற நீண்ட ஒலியோடு எல்லாரும் கலைவார்கள்.

உடைக்கு என்ன பொருள்?

மரணம்தான் பொருள். ஒட்டக ரோமத்தால் செய்த உயரமான தொப்பி, ‘ஸிக்கே’, மீசான் கல் (கல்லறைக் கல்). கறுப்பு மேலங்கி கப்ரு (கல்லறை). உள்ளே இருக்கும் வெள்ளை அங்கி, ‘தென்னூரே’, இறந்தவர் உடலைச் சுற்றும் கஃபன் துணி. கறுப்பைக் கழற்றிப் போட்டு வெள்ளையில் எழுவது, இறப்பதற்கு முன்பே ‘நான்’ என்ற எண்ணத்துக்கு இறந்து மறுபடி பிறப்பதைக் காட்டுகிறது. அங்கியின் கீழ்ப்பகுதி அகன்று கனமாக இருப்பதால் சுழலும்போது சீராக விரிந்து நிற்கும்.

ஏன் இடப்பக்கமாகச் சுழல்கிறார்கள்? கைகள் ஏன் அப்படி?

இதயம் இடப்பக்கம் இருக்கிறது, அதைச் சுற்றி வருகிறோம் என்பது அவர்கள் தரும் விளக்கம். மக்காவில் கஅபாவை வலம் வருவதும் இதே திசையில்தான். வலக்கை மேல்நோக்கித் திறந்திருக்கும். இடக்கை தரையைப் பார்க்கும். மேலிருந்து பெறுவதைத் தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாமல் மண்ணில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவது என்று சொல்வார்கள். கைகளைத் தோள்களில் குறுக்காக வைத்து நிற்கும்போது உடல், அரபியின் முதல் எழுத்தான, நேர்கோடு போன்ற ‘அலிஃப்’ ஆகிறது. இறைவன் ஒருவன் என்பதற்குச் சாட்சி.

தலை சுற்றாதா?

பழகாதவருக்குக் கட்டாயம் சுற்றும், குமட்டலும் வரும். உள்காதில் இருக்கும் மூன்று அரைவட்டக் குழாய்களில் ஒரு திரவம் இருக்கிறது. நாம் சுழலத் தொடங்கும்போது அது பின்தங்கி நிற்பதால், உடல் திரும்புகிறது என்ற செய்தி மூளைக்குப் போகிறது. ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டே இருந்தால் சிறிது நேரத்தில் திரவமும் அந்த வேகத்துக்கு வந்துவிடும். சட்டென நின்றால் திரவம் மட்டும் தொடர்ந்து ஓடும். அறை சுற்றுவது போன்ற உணர்வு அப்போதுதான் வரும்.

பாலே ஆடுபவர்கள் ஓர் இடத்தைக் குறிவைத்து, ஒவ்வொரு சுற்றிலும் தலையை வெடுக்கென்று திருப்பிச் சமாளிப்பார்கள். ஸெமாஸென் அப்படிச் செய்வதில்லை. தலை சற்றுச் சாய்ந்து, உடலோடு சேர்ந்தே திரும்பும். கண்கள் பாதி திறந்து, எதையும் உற்று நோக்காமல், இடக்கைக் கட்டைவிரல் பக்கம் தளர்வாகப் படிந்திருக்கும். வேகமும் சீராக இருக்கும். நீண்ட பயிற்சியில் மூளை அந்தக் குழப்பமான செய்தியைப் பொருட்படுத்தாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது. ஒரு ஸலாம் முடியும் நொடியில் அவர்கள் நிற்பதைக் கவனியுங்கள். தள்ளாட்டமே இருக்காது. விரிந்த துணி மட்டும் கால்களைச் சுற்றிக்கொண்டு அடங்கும்.

எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள்?

சமையலறையில்.

பழைய மெவ்லவி தைக்காக்களில் (தர்வேஷ்கள் தங்கிப் பயிலும் மடங்கள்) முழுநேர தர்வேஷாக விரும்புகிறவர் முதலில் சமையலறையின் ஒரு மூலையில், அதற்கென்று இருக்கும் ஆட்டுத்தோலில் மூன்று நாள் முழங்காலிட்டு உட்கார வேண்டும். வேலை எதுவும் இல்லை. மற்றவர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. அதற்குப் பிறகும் மனம் மாறாவிட்டால் 18 நாள் எடுபிடி வேலை. அதையும் தாண்டினால் 1001 நாள் ஊழியம் தொடங்கும். இடையில் விட்டுவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒருவர் பொருத்தமில்லை என்று முடிவானால் அவரை யாரும் திட்டமாட்டார்கள். அவருடைய காலணிகளை வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்துவிடுவார்கள். புரிந்துகொண்டு அவரே போய்விடுவார்.

அந்த 1001 நாளில் தண்ணீர் சுமப்பது, பாத்திரம் கழுவுவது, சந்தைக்குப் போவது, படுக்கை விரிப்பது, விளக்குகளைக் கவனிப்பது, கழிப்பறை சுத்தம் செய்வது என்று 18 வகை ஊழியங்கள் உண்டு. தம்முடைய நெடுங்கவிதை நூலான மஸ்னவியின் முதல் 18 ஈரடிகளை ரூமி தம் கையாலேயே எழுதினார் என்ற நம்பிக்கையால் அந்த எண்ணுக்குத் தனி மதிப்பு. சமையலறைக்குப் பொறுப்பான மூத்தவருக்குத் தரீக்காவில் பெரிய இடம். ரூமியின் வீட்டில் சமைத்த ஆதேஷ்பாஸ் வலீயின் கப்ருக்குக் கோன்யா மக்கள் இன்றும் ஸியாரத் செய்ய, அதாவது மரியாதை செலுத்த, போகிறார்கள். ஒரு சமையற்காரரை வலீ (இறைநேசர்) என்று கொண்டாடும் மரபு இது.

சுழலும் பயிற்சியும் அதே இடத்தில்தான். ஒரு சதுர மரப்பலகை, நடுவில் வழவழப்பான தலையுள்ள ஆணி. இடக்காலின் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே அந்த ஆணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தோல் உரியாமல் இருக்க உப்புத் தூவுவார்கள். இடக்கால் தூண், தரையைவிட்டு எழாது. வலக்கால் சக்கரம், உடலைத் தள்ளித் தள்ளிச் சுற்றும். முதலில் பாதிச் சுற்று, பிறகு முழுச் சுற்று. கைகளைத் திறக்க அனுமதி மிகவும் பிந்தித்தான் கிடைக்கும். தைக்காவில் தங்காத அன்பர்களுக்கும் சுழலக் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் ‘தெதே’ என்ற பட்டமும் தனி அறையும் 1001 நாளை முடித்தவருக்கு மட்டுமே.

ஸமாவைப் பற்றி ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் சொல்வது இதைத்தான்: எச்சில் பாத்திரம் கழுவிய கைகள்தான் வானத்தை நோக்கித் திறக்கின்றன. அந்த ஊழியத்தை வெட்டிவிட்டுச் சுழற்சியை மட்டும் எடுத்துக்கொண்டால் கிடைப்பது வெறும் உடற்பயிற்சி. நான்காவது ஸலாம் ஏன் ஊழியத்துக்குத் திரும்புகிறது என்பதும் இங்கேதான் விளங்கும்.

இசை பற்றி?

நாணல் குழலும் குதூமும் முதன்மை. ரெபாப், தன்பூர், தாளம் போன்றவையும் சேரும். முழு ஸமாவுக்கான இசைப்படைப்பை ‘ஆயின்’ என்பார்கள். பாடல் வரிகள் பெரும்பாலும் ரூமியின் பாரசீகக் கவிதைகள். துருக்கியச் செவ்விசையின் பெரிய ஆளுமைகள் பலர் இந்தத் தைக்காக்களில் உருவானவர்கள். இஸ்மாயில் தெதே எஃபெந்தி (1778–1846) அவர்களில் தலையாயவர். சுல்தான் மூன்றாம் செலிமும் ஓர் ஆயின் இயற்றியிருக்கிறார்.

இஸ்லாத்தில் இதற்கு அனுமதி உண்டா?

அறிஞர்களிடையே நூற்றாண்டுகளாக நீளும் கருத்து வேறுபாடு இது. இப்னு தைமிய்யா போன்ற அறிஞர்கள் இத்தகைய ஸமாவைக் கடுமையாக மறுத்தார்கள். கஸ்ஸாலி நிபந்தனைகளோடு ஏற்றார்: நேரம், இடம், கூட இருப்பவர்கள் மூன்றும் பொருந்த வேண்டும். சூஃபிகளுக்குள்ளும் நக்ஷபந்தி தரீக்காவினர் பெரும்பாலும் மௌன திக்ரையே விரும்புகிறார்கள். உஸ்மானியப் பேரரசிலேயே, சூஃபி வழக்கங்களை எதிர்த்த காதிஸாதே இயக்கத்தின் செல்வாக்கு ஓங்கியபோது, 1666இல் ஸமா தடை செய்யப்பட்டது. 1684இல்தான் தடை விலகியது.

தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் தங்கள் நூல்களில் எவ்வளவு பொறுப்போடு வாதிட்டிருக்கிறார்கள் என்பதைப் படித்த பிறகு, இரண்டு வரியில் ‘ஹராம்’ (தடுக்கப்பட்டது) என்றோ ‘எல்லாம் சரி’ என்றோ முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பெண்கள் சுழலலாமா?

ரூமி காலத்தில் கோன்யாவின் பெண்கள் தங்களுக்குள் ஸமா சபைகள் நடத்தினார்கள், ரூமியும் அங்கே போனார் என்று அஃப்லாகி எழுதுகிறார். பிற்காலத்தில் துருக்கியின் அஃப்யோன் நகரத் தைக்காவில் தெஸ்தினா ஹாத்தூன் என்ற பெண்மணி ஷைகு பொறுப்பில் இருந்ததாக மெவ்லவி மரபு சொல்கிறது. ஆனாலும் தைக்காக்களின் முறையான ஸமா ஆண்களுடையதாகவே நிலைத்தது. கோன்யாவின் அரசு நிகழ்ச்சிகளில் இன்றும் ஆண்களே சுழல்கிறார்கள். இஸ்தான்புல்லிலும் மேற்கு நாடுகளிலும் பெண்கள் சுழலும் குழுக்கள் இருக்கின்றன.

துருக்கியில் இது தடை செய்யப்பட்டது என்கிறார்களே?

ஆம். குடியரசு அமைந்த பிறகு, 1925 நவம்பர் 30இல் நிறைவேறிய 677ஆம் சட்டம் எல்லாத் தரீக்காக்களின் தைக்காக்களையும் மூடியது. ஷைகு, தெதே, செலெபி போன்ற பட்டங்களும் சட்டவிரோதமாயின. ரூமியின் வழிவந்த செலெபி குடும்பம் தலைமைப் பொறுப்பைச் சிரியாவின் அலெப்போவுக்கு மாற்றிக்கொண்டது. பச்சைக் குவிமாடம் கொண்ட ரூமியின் அடக்கத்தலம் 1927இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 1950களில் நினைவு நாள் விழா என்ற பெயரில் கோன்யாவில் ஸமா மறுபடி பொதுவெளிக்கு வந்தது. யுனெஸ்கோ 2005இல் அதைச் சிறப்பித்து அறிவித்து, 2008இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 1925ஆம் ஆண்டுச் சட்டமோ இன்னும் நீக்கப்படவில்லை. உலகமே பாராட்டும் ஸமா, சொந்த நாட்டில் பண்பாட்டு நிகழ்ச்சி என்ற பெயரில்தான் நடக்கிறது. உணவகங்களில் இரவு விருந்துக்கு நடுவே தர்வேஷ் உடையில் ஆட்களைச் சுழலவிடும்போது மெவ்லவிகள் மனம் நோவதில் வியப்பில்லை.

பல வண்ணப் பாவாடையோடு சுழல்வதும் இதுதானா?

அது எகிப்தின் ‘தன்னூரா’. சுழற்சியின் வேர் ஒன்றாக இருக்கலாம். இன்று அது பெரும்பாலும் மேடைக்கலை. துருக்கியின் அலவிகள் செய்யும் ‘ஸெமாஹ்’ வேறு. அதில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து பங்கேற்பார்கள். பாகிஸ்தானில் சிந்து மாகாணத்து ஸேவன் தர்காவின் ‘தமால்’ முரசொலிக்கு எழும் கட்டற்ற அசைவு. இவற்றை எல்லாம் ஒன்றாக்கிவிட வேண்டாம்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ உண்டா?

மெவ்லவி தரீக்கா இங்கே வேரூன்றவில்லை. இங்கே வந்தவை காதிரிய்யா, ஷாதுலிய்யா, ரிஃபாயிய்யா, சிஷ்திய்யா போன்றவை. காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் ஷாதுலிய்யாவினர் வட்டமாக நின்று ஹல்ரா என்னும் கூட்டு திக்ரு செய்வதையும், தஃப் என்னும் கைமுரசை அடித்து நடக்கும் ரிஃபாயி ராத்திப் என்னும் திக்ரையும் பார்த்தவர்களுக்கு, உடலோடு திக்ரு செய்வது புதிதாக இருக்காது. ரூமி மறைந்த 1273 டிசம்பர் 17ஐ மெவ்லவிகள் ‘திருமண இரவு’ என்று கொண்டாடுகிறார்கள். நம் ஊர் தர்காக்களின் உரூஸிலும் இருப்பது இதே எண்ணம்தான்: இறைநேசர் இறந்த நாள், அவர் தன் அன்பனைச் சேர்ந்த நாள்.

‘வா, வா, நீ யாராக இருந்தாலும் வா’ என்பது ரூமியின் வரிதானே?

அவருடைய பெயரில் உலகெங்கும் வழங்கினாலும், அவருக்கு முன்பே வாழ்ந்த அபூ ஸயீத் அபுல் கைர் பெயரில் வழங்கிவந்த நாலடி அது. சமூக ஊடகங்களில் ரூமி பெயரில் வலம்வரும் பல வரிகளுக்கு மூலமே கிடையாது. மஸ்னவி ஆறு பாகங்கள், ஏறக்குறைய 25,000 ஈரடிகள். ரூமியைப் படிக்க வேண்டுமென்றால் முதல் 18 ஈரடிகளில் தொடங்குங்கள். நாணற்புதரிலிருந்து வெட்டப்பட்ட குழல் தன் பிரிவைச் சொல்லி அழும் பகுதி அது. ஸமாவில் ஒலிக்கும் குழலும் அதுவே.

வீட்டில் சுற்றிப் பார்க்கலாமா?

நான் பரிந்துரைக்க மாட்டேன். விழுந்து அடிபடும் வாய்ப்பு நிஜமானது. காது, இரத்த அழுத்தம் தொடர்பான தொந்தரவு உள்ளவர்கள் கட்டாயம் தவிர்க்க வேண்டும். கற்க விரும்பினால் அந்த மரபில் வந்த ஆசிரியர் ஒருவரைத் தேடுங்கள்.

நேரில் பார்க்க எங்கே போவது? எப்படி நடந்துகொள்வது?

டிசம்பர் 7 முதல் 17 வரை கோன்யாவில் ரூமி நினைவு விழா நடக்கும். அங்கே மெவ்லானா பண்பாட்டு மையத்தின் வட்டமான கூடத்தில் ஸமா நடைபெறும். விழா நாட்களுக்கு அறைகளை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். இஸ்தான்புல்லில் 1491இல் நிறுவப்பட்ட கலாதா தைக்கா இப்போது அருங்காட்சியகம். அதன் எண்கோணக் கூடம் ஒன்றுக்காகவே போகலாம். கோன்யா அருங்காட்சியகத்தில் பழைய சமையலறையையும் தவறவிடாதீர்கள்; பயிற்சிப் பலகையை அங்கே பார்க்கலாம்.

ஸமா தொடங்கும் முன்பே இருக்கையில் அமர்ந்துவிடுங்கள், நடுவில் எழுந்து போகாதீர்கள், ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். கை தட்ட வேண்டாம்; அது ஃபாத்திஹாவோடு முடியும் சபை. ஃபாத்திஹா தெரிந்தவர்கள் கூடச் சேர்ந்து ஓதலாம், மற்றவர்கள் அமைதியாக இருந்தால் போதும்.